பொது சப்புரொசீஜரா, சோர்ஸ் நகலா? ஆர்பிஜியில் கோடை மறுபடி பயன்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐபிஎம் ஐ இயந்திரத்தில் (பலருக்கு இன்னும் அது ஏஎஸ்/400தான்) ஆர்பிஜி என்ற வணிகக் கணினி மொழியில் எழுதுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. கோபோல் மொழிப் புரோகிராமர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

எந்தெந்த வழிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரே வேலையைச் செய்யும் கோட் பல புரோகிராம்களுக்குத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடிட்டரில் வரிகளை எடுத்து அடுத்த மெம்பரில் (ஒரு புரோகிராமின் சோர்ஸ், அதாவது நாம் எழுதிய வரிகள், இருக்கும் இடம்) ஒட்டலாம். அந்த வரிகளைத் தனி மெம்பராக வைத்து, வேண்டிய இடத்தில் /காப்பி என்று ஒரு வரி எழுதலாம். கம்பைல் ஆகும்போது (சோர்ஸ் ஓடும் புரோகிராமாக மாறும்போது) கம்பைலர் அந்த மெம்பரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சப்புரொசீஜராக, அதாவது பாராமீட்டர் (உள்ளே அனுப்பும் மதிப்பு) வாங்கி ஒரு வேலையைச் செய்யும் தனித் துண்டாக எழுதி, மாடியூலாக (தனியே ஓடாத, கம்பைல் ஆன துண்டு) கம்பைல் செய்து, அந்த மாடியூலை ஒவ்வொரு புரோகிராமோடும் பைண்ட் செய்யலாம், அதாவது இணைக்கலாம். அல்லது அதே மாடியூலை சர்வீஸ் புரோகிராமாக்கி (பல புரோகிராம்கள் பகிரும் புரொசீஜர் தொகுப்பு), எல்லாப் புரோகிராம்களும் ஓடும்போது அதையே கூப்பிடும்படி வைக்கலாம்.

முதல் மூன்றிலும் ஏதோ ஒரு கட்டத்தில் நகல் எடுக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒட்டும்போது சோர்ஸே நகலாகிறது. /காப்பியில் சோர்ஸ் ஒன்றுதான், ஆனால் கம்பைல் ஆன ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் தனித்தனிப் பிரதி. மாடியூல் பைண்டிங்கில் சோர்ஸும் ஒன்று, மாடியூலும் ஒன்று; பைண்ட் ஆன புரோகிராமுக்குள் மட்டும் பிரதி. உண்மையிலேயே ஒரே ஒரு பிரதி ஓடுவது சர்வீஸ் புரோகிராமில்தான்.

சரி, நேராகச் சொல்லுங்கள். எதை எடுப்பது?

ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த விதி நாளை மாறினால், இதைப் பயன்படுத்தும் எல்லாப் புரோகிராம்களும் சேர்ந்தே மாற வேண்டுமா?

ஆம் என்றால் சர்வீஸ் புரோகிராமில் ஒரு சப்புரொசீஜர். வாடிக்கையாளரின் கடன் வரம்பைச் சரிபார்ப்பது, இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை வேலை நாள் என்று எண்ணுவது, வட்டியில் வரும் பின்னத்தை எப்படி முழுமையாக்குவது என்பதெல்லாம் இந்த வகை. ஆர்டர் எடுக்கும் திரை ஒரு வரம்பைச் சொல்லி, இரவு ஓடும் பேட்ச் (திரையில்லாமல் மொத்தமாக ஓடும் வேலை) வேறு வரம்பைச் சொன்னால் அது பிழை. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

மாற வேண்டாம், அல்லது ஒன்று மாறினாலும் மற்றது மாறக் கூடாது என்றால், இன்று பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் அது ஒரே கோட் அல்ல. தனித்தனியே இருக்கட்டும்.

/காப்பிக்கும் இடம் உண்டு, ஆனால் அது அறிவிப்புகளுக்கான இடம்: புரோட்டோடைப்புகள் (புரொசீஜரை எந்தப் பாராமீட்டர்களோடு கூப்பிட வேண்டும் என்ற அறிவிப்பு), டேட்டா ஸ்ட்ரக்சர் (பல புலங்கள் சேர்ந்த மாறி) டெம்ப்ளேட்கள், பெயரிட்ட மாறிலிகள். கணக்குப் போடும் வரிகளை, அதாவது ஓடும் கோடை, /காப்பியில் வைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் மிக உறுதியாகச் சொல்வது இதைத்தான்.

எங்கள் பழைய கோடில் எங்கே பார்த்தாலும் /காப்பிதான். எழுதியவர்கள் தெரியாமலா செய்தார்கள்?

இல்லை. அவர்களிடம் வேறு நல்ல வழி இருக்கவில்லை. 1988-ல் ஏஎஸ்/400 வந்தபோது இருந்த ஆர்பிஜியில் அதே புரோகிராமுக்குள் மட்டும் கூப்பிடக்கூடிய சப்ரொட்டீன்தான் உண்டு; அதற்கு பாராமீட்டர் கிடையாது, சொந்த மாறிகள் கிடையாது, அடுத்த புரோகிராமிலிருந்து அதைக் கூப்பிடவும் முடியாது. தனிப் புரோகிராமாக எழுதிக் கூப்பிடலாம். ஆனால் அந்தக் கால இயந்திரத்தில் அப்படி ஒவ்வொரு முறை கூப்பிடுவதும் செலவான வேலை. ஒரு லூப்புக்குள் ஆயிரக்கணக்கில் கூப்பிட்டால் பேட்ச் நேரம் கண்ணுக்குத் தெரிந்து கூடும். அதனால் சப்ரொட்டீனை /காப்பி மெம்பராக வைத்தார்கள். அன்றைக்கு அது நியாயமான முடிவு.

1994-ல், மாடியூல்களைச் சேர்த்துப் புரோகிராம் கட்டும் ஐஎல்இ என்ற புதிய சூழலோடு ஆர்பிஜி 4 வந்தது. சப்புரொசீஜர் அதற்கு ஓரிரண்டு ஆண்டு கழித்து மொழியில் சேர்ந்தது. அப்புறம்தான் உள்மாறிகளும் பாராமீட்டர்களும் திரும்பும் மதிப்பும் கொண்ட, பைண்ட் செய்து வேகமாகக் கூப்பிடக்கூடிய ஒன்று ஆர்பிஜிகாரர்கள் கைக்கு வந்தது. காரணம் போய்விட்ட பிறகும் பழக்கம் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

/காப்பியில் ஓடும் கோடை வைத்தால் அப்படி என்ன கெட்டுவிடும்?

முதலில் பெயர்கள். /காப்பியில் வரும் சப்ரொட்டீன் தனக்கு வேண்டிய மாறிகளை முழுப் புரோகிராமுக்கும் பொதுவாகவே அறிவிக்க வேண்டும். உள்ளே ஓர் எண்ணியை ‘ஐ’ என்று வைத்திருந்தால், அதை இழுக்கும் புரோகிராமிலும் ‘ஐ’ இருக்கக் கூடாது. இருந்தால் கம்பைல் பிழை வரும், வந்தால் நல்லது. கம்பைலர் எதுவும் சொல்லாத நிலைதான் ஆபத்து: காப்பி மெம்பர் ஒரு மாறியை அறிவிக்காமல், ‘இழுக்கும் புரோகிராமில் இந்தப் பெயரில் ஒன்று இருக்கும்’ என்று நம்பி எழுதப்பட்டிருக்கும். அதே பெயர் வேறு பொருளில் அங்கே இருந்தால் தவறான எண் வரும், யாருக்கும் தெரியாது. எண்ணிட்ட இண்டிகேட்டர்கள் (50 போன்ற எண்ணால் குறிக்கும் ஆம்/இல்லை கொடிகள்) இதைவிட மோசம். 50-ஐ காப்பி மெம்பர் ஏற்றி வைக்கும், திரைக்கோப்பு அதே 50-ஐப் பார்த்து ஒரு புலத்தைச் சிவப்பாக்கும்.

இரண்டாவது, ஆர்பிஜி சோர்ஸுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கோப்பு அறிவிப்பும் மாறி அறிவிப்பும் மேலே, கணக்கு வரிகள் அதன் பிறகு, சப்ரொட்டீன்கள் அதற்கும் கீழே. ஆகவே ஒரு வேலைக்கு ஒரு காப்பி மெம்பர் போதாது. அறிவிப்புக்கு ஒன்று, சப்ரொட்டீனுக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டும். ஒன்றை மறந்தால் மற்றது நிற்காது. ஒரே மெம்பரில் வைத்து /டிஃபைன், /இஃப் என்ற நிபந்தனை வரிகளைக் கொண்டு துண்டு துண்டாக இழுக்கும் தந்திரமும் உண்டு. அது வேலை செய்யும். ஆனால் அந்த மெம்பரைத் திறந்து படிக்கிறவர், எந்தப் புரோகிராமில் எந்தத் துண்டு உள்ளே போகிறது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுவது. காப்பி மெம்பரைத் திருத்திச் சேமித்த அந்தக் கணத்தில் எதுவும் மாறுவதில்லை. அதை இழுக்கும் எல்லாப் புரோகிராம்களையும் கம்பைல் செய்தாக வேண்டும். எவை அவை? ஒரு புரோகிராம் எவற்றைப் பயன்படுத்துகிறது என்று சொல்லும் கட்டளை கோப்புகளையும் கூப்பிடப்படும் புரோகிராம்களையும் சர்வீஸ் புரோகிராம்களையும் காட்டும்; காப்பி மெம்பர்களைக் காட்டாது. சோர்ஸ் முழுக்கத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேடலில் ஒன்று தவறினால் அந்தப் புரோகிராம் பழைய விதியோடு ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஒரு நாள் அதில் வேறு ஏதோ சின்ன மாற்றத்துக்காக யாரோ கம்பைல் செய்வார். புதிய விதி அன்றைக்குத்தான் அங்கே நுழையும். ‘திரையில் ஒரு தலைப்பைத்தான் மாற்றினேன், கணக்கு ஏன் மாறியது?’ என்று அவர் திகைப்பார். அவர் மேல் தவறே இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் எடிட்டரில் ஒட்டிய நகல்கூட நேர்மையானது என்பேன். சோர்ஸில் இருப்பதுதான் அதில் ஓடும். /காப்பியில் சோர்ஸ் ஒன்று சொல்லும், ஓடுவது வேறாக இருக்கும்.

மாடியூலை ஒவ்வொரு புரோகிராமோடும் பைண்ட் செய்துவிட்டால் போதாதா? சர்வீஸ் புரோகிராம் ஏன்?

பெயர் மோதல் தீர்ந்துவிடும். அது பெரிய லாபம். ஆனால் மாடியூலை மாற்றினால் அதைச் சேர்த்துக்கொண்ட ஒவ்வொரு புரோகிராமையும் புதுப்பிக்க வேண்டும். மறு கம்பைல் வேண்டாம், புரோகிராம் அப்டேட் கட்டளையால் அந்த ஒரு மாடியூலை மட்டும் மாற்றிவிடலாம் என்பது கொஞ்சம் நிம்மதி. புரோகிராமில் எந்த மாடியூல் இருக்கிறது என்பதை இயந்திரத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியும். இரண்டு மூன்று புரோகிராம்கள் மட்டும் பயன்படுத்துகிற, அதிகம் மாறாத ஒன்றுக்கு இது போதும். ஐந்தாறு புரோகிராம்கள் வந்தபின் சர்வீஸ் புரோகிராமுக்குப் போய்விடுங்கள்.

சர்வீஸ் புரோகிராமை மாற்றினால் கூப்பிடும் எல்லாப் புரோகிராம்களையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்கிறார்களே?

செய்ய வேண்டியதில்லை. சிக்னேச்சரைச் சரியாக வைத்திருந்தால் உள்ளே என்ன வேண்டுமானாலும் திருத்தலாம், கூப்பிடும் புரோகிராம் எதையும் தொட வேண்டாம். சர்வீஸ் புரோகிராமைக் கண்டு பலர் ஒதுங்குவதற்குக் காரணமே இந்த இடம்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சர்வீஸ் புரோகிராம் வெளியே காட்டும் புரொசீஜர்களின் பட்டியலுக்கு எக்ஸ்போர்ட் பட்டியல் என்று பெயர். அந்தப் பட்டியலுக்கு 16 பைட் நீளத்தில் ஓர் அடையாளம் உண்டு, அதுதான் சிக்னேச்சர். நாமாகக் கொடுக்காவிட்டால், பட்டியலில் உள்ள பெயர்களையும் அவற்றின் வரிசையையும் வைத்து இயந்திரமே ஒன்றை உருவாக்கும். புரோகிராமை பைண்ட் செய்யும்போது அன்றைய சிக்னேச்சர் அதற்குள் பதிந்துவிடும். ஓடும்போது, அந்தச் சிக்னேச்சரை சர்வீஸ் புரோகிராம் இன்னும் ஏற்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். ஏற்கவில்லை என்றால் எம்சிஹெச்4431 என்ற பிழையோடு புரோகிராம் தொடங்காமலே நின்றுவிடும்.

எக்ஸ்போர்ட் பட்டியலை நீங்கள் எழுதாமல் ‘எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்’ என்று விட்டால், ஒரு புதிய புரொசீஜர் சேர்ந்தவுடன் சிக்னேச்சர் மாறும். பழையதை ஏற்க வழியே இருக்காது. கூப்பிடும் அத்தனை புரோகிராம்களும் ஒரே நாளில் நிற்கும். இந்த அனுபவம் ஒருமுறை வந்த குழு, ‘சர்வீஸ் புரோகிராமே வேண்டாம், /காப்பியே போதும்’ என்று திரும்பிவிடுகிறது. தீர்வு ஒரு சின்ன மெம்பரில் இருக்கிறது என்பதுதான் வருத்தம்.

அந்த மெம்பரில் பைண்டர் லாங்குவேஜில் (எக்ஸ்போர்ட் பட்டியல் எழுதுவதற்கான சின்ன மொழி) பட்டியலை நீங்களே எழுத வேண்டும். அதற்கு இரண்டு பாணிகள் உண்டு. ஒன்றில், இப்போதைய பட்டியலை ‘கரண்ட்’ என்றும் முந்தைய பட்டியல்களை ‘பிரீவியஸ்’ என்றும் அடுத்தடுத்துத் தொகுதிகளாக வைப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்னேச்சர், எல்லாம் ஏற்கப்படும். மற்றதில் ஒரே ஒரு பட்டியல், சிக்னேச்சரை நீங்களே ஒரு சொல்லாகக் கொடுத்துவிடுவீர்கள். பட்டியல் வளர்ந்தாலும் அது மாறாது. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். முதல் பாணியில் நாலைந்து ஆண்டில் அந்த மெம்பர் தொகுதி தொகுதியாக நீண்டு, படிக்க ஆள் கிடைக்காமல் போகும்.

சிக்னேச்சரை நாமே நிலையாக வைத்தால் ஆபத்து இல்லையா?

உண்டு, அதைத் தெரிந்துகொண்டுதான் வைக்க வேண்டும். பைண்ட் ஆனபின் கூப்பிடும் புரோகிராம் புரொசீஜரைப் பெயரால் தேடுவதில்லை. பட்டியலில் அது எத்தனையாவது என்ற எண்ணை வைத்துத்தான் போகிறது. மூன்றாவது இடத்தில் இருந்த புரொசீஜருக்கு முன்னால் புதிதாக ஒன்றைச் செருகினீர்கள் என்றால், பழைய புரோகிராம்கள் ‘மூன்றாவது’ என்று கேட்டு வேறொன்றைக் கூப்பிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

ஆகவே விதி ஒன்றுதான்: புதியது எப்போதும் கடைசியில். அகர வரிசைப்படி அழகாக அடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு புரொசீஜர் இனி வேண்டாம் என்றாலும் பட்டியலில் அதன் இடத்தை நீக்காதீர்கள். உடலைக் காலி செய்து, ‘இது இனி இல்லை’ என்று எஸ்கேப் மெசேஜ் (கூப்பிட்டவருக்குப் போகும் பிழைச் செய்தி) அனுப்பும்படி வைத்துவிடுங்கள். இந்த விதியைப் பைண்டர் மெம்பரின் தலையிலேயே கருத்துரையாக எழுதி வையுங்கள். அடுத்து திறக்கிறவர் அங்கேதான் பார்ப்பார்.

ஒரு பாராமீட்டரின் நீளத்தை மாற்றினால் சிக்னேச்சர் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. சிக்னேச்சருக்குப் பாராமீட்டர் பற்றி எதுவும் தெரியாது. 10 எழுத்தாக இருந்ததை 20 ஆக்கி, கூப்பிடும் புரோகிராமை அப்படியே விட்டால், புரொசீஜர் பக்கத்து மாறியின் நினைவகத்தில் போய் எழுதும்.

எனவே வெளியே கொடுத்துவிட்ட புரொசீஜரின் பாராமீட்டரை மாற்றாதீர்கள். புதிய தேவை என்றால், கடைசியில் ஒரு விருப்பப் பாராமீட்டரை ‘நோபாஸ்’ என்று குறித்துச் சேர்க்கலாம். பழைய புரோகிராம்கள் அதை அனுப்பாது. அதனால் உள்ளே தொடுவதற்கு முன் எத்தனை பாராமீட்டர் வந்தது என்று பார்ப்பது கட்டாயம். பார்க்காமல் தொட்டால் பாயிண்டர் பிழை. மாற்றம் அதைவிடப் பெரிது என்றால் புதிய பெயரில் புதிய புரொசீஜர் எழுதி, பழையதை அதன் மேல் ஒரு மெல்லிய உறையாக்கிவிடுங்கள். பழைய புரோகிராம்கள் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக மாறட்டும்.

புரோட்டோடைப்பை எங்கே வைப்பது?

சர்வீஸ் புரோகிராம் ஒன்றுக்கு ஒரு காப்பி மெம்பர். அதில் புரோட்டோடைப்புகளும், பாராமீட்டராகப் போகும் டேட்டா ஸ்ட்ரக்சர்களின் டெம்ப்ளேட்களும், திரும்பிவரும் நிலைக் குறிகளின் மாறிலிகளும். தலையில் /இஃப் நாட் டிஃபைண்ட் காவல், ஒரே மெம்பர் இரண்டு முறை உள்ளே வந்தாலும் சண்டை வராமல் இருக்க.

புரொசீஜரை எழுதிய அந்த மாடியூலும் இதே மெம்பரை இழுக்க வேண்டும். அப்போதுதான் புரோட்டோடைப்பும் புரொசீஜரின் உண்மையான பாராமீட்டர்களும் ஒத்துப்போகின்றனவா என்று கம்பைலர் சரிபார்க்கும். ஐபிஎம் ஐ 7.1 பதிப்பிலிருந்து, எழுதிய மாடியூலில் புரோட்டோடைப் இல்லாமலே கம்பைல் ஆகும். உள்ளுக்குள் மட்டும் பயன்படும் புரொசீஜர்களுக்கு அது நல்ல வசதி. எக்ஸ்போர்ட் ஆகும் புரொசீஜருக்கு அந்த வசதியை எடுத்துக்கொண்டால், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க யாருமே இல்லாமல் போகும்.

கூப்பிடும் புரோகிராமில் புரோட்டோடைப்பைக் கையால் தட்டச்சு செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வேகம் குறையாதா?

பைண்ட் செய்த அழைப்பு மலிவானது. தனிப் புரோகிராமை ஓடும்போது தேடிக் கூப்பிடுவதோடு அதை ஒப்பிடவே முடியாது. சர்வீஸ் புரோகிராமில் செலவு முதல் முறை அதை ஆக்டிவேட் செய்யும்போது (ஓடத் தயாராக்கும்போது) மட்டுமே. ஒரு கோப்பை ஒருமுறை படிக்க ஆகும் நேரத்தில் புரொசீஜர் அழைப்பின் நேரம் காணாமல் போகும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய டேட்டா ஸ்ட்ரக்சரையோ நீளமான எழுத்துச் சரத்தையோ மதிப்பாக அனுப்பினாலும் திரும்பப் பெற்றாலும் ஒவ்வொரு முறையும் அது நகலாகும். அங்கே ‘கான்ஸ்ட்’ (உள்ளே மாற்ற மாட்டோம் என்று குறித்து முகவரியை அனுப்பும் முறை) போட்டு அனுப்புங்கள். திரும்பும் பெரிய மதிப்புக்கு 7.1 முதல் ‘ரிட்டர்ன்பார்ம்’ (அதை மறைவான ஒரு பாராமீட்டராகக் கையாளும்) வசதி இருக்கிறது.

ஆக்டிவேஷன் குரூப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

குறைந்தபட்சம் இவ்வளவு. ஒரு ஜாப்புக்குள் (இயந்திரத்தில் ஓடும் ஒரு வேலை) புரோகிராம்களும் அவற்றின் மாறிகளும் திறந்த கோப்புகளும் இருக்கும் தனி அறைதான் ஆக்டிவேஷன் குரூப். சர்வீஸ் புரோகிராமை *காலர் என்று உருவாக்குங்கள். கட்டளையின் இயல்புநிலையும் அதுவே. கூப்பிடுகிறவரின் குரூப்பிலேயே அது ஓடும். அதனால் கோப்பு ஓவர்ரைடும் (ஒரு கோப்புக்குப் பதில் வேறொன்றைக் காட்டுவது) கமிட்மென்ட் கன்ட்ரோலும் (மாற்றங்களை மொத்தமாக ஏற்பது அல்லது திரும்பப் பெறுவது) எதிர்பார்த்தபடி நடக்கும். சர்வீஸ் புரோகிராமுக்குத் தனிப் பெயரில் குரூப் கொடுத்தால், கூப்பிடுகிறவர் தன் குரூப்பில் போட்ட ஓவர்ரைடு உள்ளே எட்டாது. சோதனைக் கோப்பைப் படிப்பதாக நினைத்து நிஜக் கோப்பைப் படித்துவிடும்.

கூப்பிடும் புரோகிராம் டீஃபால்ட் ஆக்டிவேஷன் குரூப்பில் இருக்கக் கூடாது. ஆர்பிஜி புரோகிராமை ஒரே படியில் உருவாக்கும் கட்டளையில் டீஃபால்ட் குரூப்பே இயல்புநிலை; அதை ‘நோ’ என்று மாற்றாவிட்டால் பைண்ட் செய்த புரொசீஜரைக் கூப்பிடவே விடாது. முதல் முறை முயல்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம், மாடியூலின் பொது மாறிகள். குரூப் உயிரோடு இருக்கும்வரை அவற்றின் மதிப்பு அப்படியே இருக்கும். முதல் அழைப்பில் வைத்தது ஐந்தாவது அழைப்பிலும் கிடைக்கும். ஒரு சின்ன அட்டவணையை ஒருமுறை படித்து வைத்துக்கொள்ள இது உதவும். தெரியாமல் நம்பினால் அதுவே பிழைக்கு வழி. என் பழக்கம்: மாறிகள் எல்லாம் புரொசீஜருக்குள், மாடியூல் அளவில் ஒன்றை வைத்தால், ஏன் என்று ஒரு வரி விளக்கம்.

சப்புரொசீஜருக்குள் கோப்பைத் திறக்கலாமா?

தாராளமாக. பொது புரொசீஜரின் மிகப் பெரிய பலன்களில் ஒன்றே இதில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் கோப்பை நாற்பது புரோகிராம்கள் நேராகப் படித்தால், அதில் ஒரு புலம் சேர்த்தவுடன் நாற்பதையும் கம்பைல் செய்ய வேண்டும். தவறினால் லெவல் செக் பிழை (கோப்பின் அமைப்பு மாறிவிட்டது என்பது), சிபிஎஃப்4131. ஒரே சர்வீஸ் புரோகிராம் படித்து மற்றவர்களுக்குக் கொடுத்தால், அது ஒன்றைக் கம்பைல் செய்தால் போதும். ஒரு நிபந்தனை: பாராமீட்டராகப் போகும் டேட்டா ஸ்ட்ரக்சரைக் கோப்பின் வெளி விவரிப்பிலிருந்து நேராக எடுக்கக் கூடாது. எடுத்தால் கோப்பு நீளும்போது பாராமீட்டரும் நீளும், பழைய சிக்கல் வேறு வாசல் வழியாக வரும்.

மெயின் (முதலில் ஓடும் முக்கியப் பகுதி) இல்லாத மாடியூலில் பொதுவாக அறிவித்த கோப்பு தானாக மூடாது; குரூப் முடியும்வரை திறந்தே இருக்கும். 6.1 முதல் புரொசீஜருக்குள்ளேயே கோப்பை அறிவிக்கலாம். அது புரொசீஜர் முடியும்போது மூடிவிடும். அடிக்கடி கூப்பிடப்படும் ஒன்றில் ஒவ்வொரு முறையும் திறந்து மூடுவது மெதுவாகும். அங்கே திறந்தே வைத்துக்கொண்டு, மூடுவதற்கென்று தனிப் புரொசீஜர் ஒன்றைக் கொடுங்கள்.

அப்படியானால் நகல் எடுப்பது எப்போதுமே தவறா?

தவறு இல்லை. சில இடங்களில் அதுவே சரியான முடிவு.

இரண்டு துண்டு கோட் ஒரே மாதிரி இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இரண்டும் ஒரே விதியைச் சொல்கின்றன. மற்றது, இரண்டு வெவ்வேறு விதிகள் இன்றைக்குத் தற்செயலாக ஒத்துப்போகின்றன. விற்பனை ஆர்டருக்கும் கொள்முதல் ஆர்டருக்கும் ‘10 வரிக்கு மேல் போனால் மேலாளர் ஒப்புதல்’ என்று இருக்கலாம். கோட் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். ஆனால் விற்பனைப் பிரிவு நாளை 25 என்று மாற்றும்போது கொள்முதல் பிரிவைக் கேட்காது. இதைப் பொதுவாக்கினால் முதல் மாற்றத்தில் ஒரு கொடி பாராமீட்டர் வரும்: ‘எஸ்’ என்றால் விற்பனை, ‘பி’ என்றால் கொள்முதல். இரண்டாவது மாற்றத்தில் இன்னொரு கொடி. கொஞ்ச காலத்தில் அந்தப் புரொசீஜர் முழுக்க யார் கூப்பிட்டார் என்று விசாரிக்கும் இஃப் வரிகளாகவே இருக்கும். கூப்பிட்டவர் யார் என்று புரொசீஜர் கேட்கத் தொடங்கினால், அது இரண்டாகப் பிரிய விரும்புகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்துவிடுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஒருமுறை ஓடி முடியும் தரவு மாற்றப் புரோகிராம்களுக்கும் நகல் போதும். முடிந்துபோன ஓர் ஆண்டின் கணக்கை அந்த ஆண்டின் விதிப்படியே மறுபடி அச்சிட வேண்டிய புரோகிராமுக்கு நகல்தான் பாதுகாப்பு. பொது விதி மாறும்போது அது மாறவே கூடாது.

இன்னொன்று: இரண்டாவது இடத்தில் தேவைப்பட்ட உடனேயே பொதுவாக்க அவசரப்பட வேண்டாம். மூன்றாவது இடம் வரும்போது எது உண்மையில் பொது, எது அந்தந்த இடத்துக்கு உரியது என்று தெளிவாகத் தெரியும். விதிவிலக்கு, தவறினால் பணமோ சரக்கோ பிசகும் விதிகள். அவற்றை முதல் நாளிலிருந்தே ஒரே இடத்தில் வையுங்கள்.

ஏற்கனவே பல புரோகிராம்களில் ஒட்டிக் கிடக்கும் கோடை எப்படி ஒன்றாக்குவது?

முதலில் எதையும் மாற்றாமல், எல்லா நகல்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று தொடங்குவீர்கள், ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பதில் தேட வேண்டும்: ஒரு நகலில் திருத்தி மற்றவற்றில் மறந்த பிழையா, அல்லது அந்தப் பிரிவு கேட்டு வாங்கிய விதியா? கோட் பெரும்பாலும் இதற்குப் பதில் சொல்லாது. அந்த வேலையைத் தினமும் செய்கிறவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். நேரம் அதிகம் பிடிப்பது இதற்குத்தான், புரொசீஜர் எழுதுவதற்கு அல்ல.

அப்புறம் புரொசீஜரை எழுதி, ஒரே ஒரு புரோகிராமில் பழைய கோடையும் புதிய புரொசீஜரையும் அடுத்தடுத்து ஓட்டி, இரண்டு விடையும் வேறுபட்டால் ஒரு பதிவுக்கோப்பில் எழுதும்படி வையுங்கள். விடையாகப் பழையதையே பயன்படுத்துங்கள். மாத முடிவு ஒன்றாவது கடக்கட்டும். வினோதமான தரவெல்லாம் அப்போதுதான் வரும். பதிவுக்கோப்பு காலியாக இருந்தால் பழையதை எடுத்துவிட்டு அடுத்த புரோகிராமுக்குப் போகலாம். எல்லாவற்றையும் ஒரே வாரக்கடைசியில் மாற்றும் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு சர்வீஸ் புரோகிராமில் எத்தனை புரொசீஜர் வைக்கலாம்?

எண்ணிக்கை முக்கியமில்லை, பொருள் முக்கியம். தேதிக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று, சரக்கிருப்புக்கு ஒன்று என்று வையுங்கள். ‘பொது’ என்ற பெயரில் ஒன்றை ஆரம்பித்தால் எல்லாம் அதற்குள் போய் விழும். தேதி வேண்டிய புரோகிராம் சரக்கிருப்புக் கோப்பையும் சேர்த்துச் சுமக்கும்.

பொது கோடைத் தொடவே பயமாக இருக்கிறது. ஒரு வரி மாற்றினால் எல்லாம் பாதிக்குமே?

அந்தப் பயம் நியாயமானது. நகலில் ஒரு தவறு ஒரு புரோகிராமோடு நிற்கும். பொதுவில் எங்கும் பரவும். இதை மறைத்துவிட்டு சர்வீஸ் புரோகிராமைப் புகழ்வது சரியல்ல. மருந்து சோதனைதான். திரையும் இல்லாமல், மெனுவும் இல்லாமல், பாராமீட்டர் கொடுத்தால் விடை தரும் ஒன்றைச் சோதிப்பது ஆர்பிஜியில் கிடைக்கும் மிக எளிய சோதனை. ஆர்பிஜியூனிட் போன்ற சோதனைக் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் புரொசீஜரைப் பல மதிப்புகளோடு கூப்பிட்டு எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடும் ஒரு சின்னப் புரோகிராம் போதும். பிழை வந்த ஒவ்வொரு முறையும் அந்த மதிப்பையும் அதில் சேர்த்துவிடுங்கள். /காப்பியில் கிடக்கும் சப்ரொட்டீனை இப்படித் தனியே சோதிக்கவே வழியில்லை.

ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது சர்வீஸ் புரோகிராமை மாற்றலாமா?

ரீபிளேஸ் என்று சொல்லி மறுபடி உருவாக்கினால் பழைய ஆப்ஜெக்ட் க்யூஆர்பிஎல்ஓபிஜே என்ற லைப்ரரிக்கு நகர்ந்துவிடும். ஏற்கனவே ஆக்டிவேட் செய்த ஜாப்கள் பழையதையே தொடரும். புதிதாகத் தொடங்குபவை புதியதை எடுக்கும். யாரும் விழுந்துவிட மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு மாலைவரை இரண்டு விதியும் சேர்ந்து ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மாறியாக வேண்டிய விதி என்றால் ஜாப்களை முடித்துவிட்டு மாற்றுங்கள். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பின்னணி ஜாப்களைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எஸ்க்யூஎல் கலந்த ஆர்பிஜியில் /காப்பி சரியாக வருவதில்லையே?

அங்கே ஆர்பிஜி கம்பைலருக்கு முன்னால் எஸ்க்யூஎல் (தரவுத்தளக் கேள்வி மொழி) வரிகளைக் கையாளும் பிரீகம்பைலர் சோர்ஸைப் படிக்கிறது. இயல்புநிலையில் அது /காப்பியைத் தானே விரிக்கும், ஆனால் காப்பிக்குள் காப்பி இருந்தால் ஏற்காது; /காப்பி போலவே மெம்பரை இழுக்கும் /இன்க்ளூட் வரியைக் கண்டுகொள்ளாமல் ஆர்பிஜி கம்பைலருக்கு விட்டுவிடும். உருவாக்கும் கட்டளையில் ஆர்பிஜி பிரீபிராசஸர் விருப்பத்தை லெவல் 1 ஆக்கினால் அடுக்கடுக்கான /காப்பியும் நிபந்தனை வரிகளும் விரியும். லெவல் 2 ஆக்கினால் /இன்க்ளூடும் விரியும். எஸ்க்யூஎல் வரிகளில் பயன்படாத புரோட்டோடைப்புகளை மட்டும் இழுப்பதென்றால் /இன்க்ளூட் எழுதிவிட்டு இயல்புநிலையிலேயே விடலாம். டேட்டா ஸ்ட்ரக்சரை ஹோஸ்ட் மாறியாக (எஸ்க்யூஎல் வரிக்குள் வரும் ஆர்பிஜி மாறி) பயன்படுத்தினால் பிரீகம்பைலர் அதைப் பார்த்தாக வேண்டும், அப்போது லெவல் 2.